குடகுத் துப்பாக்கிக்குப் பளபளப்பு ஆகாது

ஆகஸ்ட் கடைசியில் தென்மேற்குப் பருவமழை சற்றே மூச்சு வாங்கும்போது குடகு மலையில் வீட்டுக்கு வீடு ஒரே வேலைதான். கொடவர்களின் பூர்வீக வீடான ஐன்மனையின் உள்ளறையிலிருந்து துப்பாக்கிகள் திண்ணைக்கு வருகின்றன. பழைய வேட்டித் துணி, ஒரு கிண்ணத்தில் எண்ணெய், நீண்ட கம்பி, அதன் நுனியில் ஒரு பிரஷ். செப்டம்பர் 3-ஆம் தேதியை ஒட்டி வரும் கைல்பொள்து பண்டிகைக்கான முன்னேற்பாடு இது. கைல் முகூர்த்தம் என்றும் சொல்வார்கள். கைல் என்றால் ஆயுதம்.

நம் ஊர் ஆயுத பூஜையைப் போன்றதுதான். நாம் தையல் மிஷினுக்கும் சைக்கிளுக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறோம்; அவர்கள் துப்பாக்கிக்கும், இடுப்பில் செருகும் பீச்சேகத்திக்கும், முதுகில் மாட்டும் ஒடிகத்திக்கும் வைக்கிறார்கள். துப்பாக்கிக் குழலின் வாயில் ஒரு பூவைச் செருகுவார்கள். அதன் பெயர் தோக் பூ. தோக்கு என்றால் துப்பாக்கி; மலையாளத்திலும் அதே சொல். (நம்முடைய 'துப்பாக்கி'யோ துருக்கி மொழியிலிருந்து வந்து சேர்ந்தது.) அந்தத் துப்பாக்கிப் பூ வேறொன்றுமில்லை, நம் செங்காந்தள்தான். தமிழ்நாட்டின் மாநில மலர், எல்லைக்கு அப்பால் இரட்டைக்குழல் துப்பாக்கியின் வாயில் அமர்ந்திருப்பதைப் பார்க்க நமக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

பூ வைக்கும் முன் துடைக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நாற்று நடவுக் காலத்தில் ஆயுதங்களைத் தொடுவதில்லை என்பது பழைய வழக்கம். வயல் வேலை தொடங்கியதும் அவற்றைக் கன்னி கொம்பரை எனப்படும் பூஜை அறையில் வைத்துவிடுவார்கள். நடவு முடிந்து, கைல்பொள்து அன்றுதான் வெளியே எடுப்பார்கள். உழவு நேரத்தில் வேட்டைக்குப் போய்ப் பொழுதைத் தொலைக்கக் கூடாது என்ற கணக்கு இதில் இருந்திருக்கலாம். ஆனால் இரும்பின் கணக்கு வேறு. மடிக்கேரியில் ஆண்டுக்கு சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன், ஜூலை, ஆகஸ்டில். சுவரில் பாசி படரும், செருப்பில் பூஞ்சை பூக்கும் அந்த மூன்று மாதங்களும் துப்பாக்கி இருட்டறையில் சும்மா கிடக்கிறது. துருவுக்கு இதைவிட நல்ல காலம் கிடைக்காது.

வேட்டைக்காலம் மலையேறி வெகு நாளாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு குடகுத் துப்பாக்கி பெரும்பாலும் சடங்குத் துப்பாக்கிதான். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, வீட்டில் சாவு விழுந்தால் இரண்டு வெடி, புத்தரி அறுவடைத் திருநாளில் முதல் கதிரை அறுக்கும்போது ஒரு வெடி, கைல்பொள்து அன்று தென்னை உச்சியில் கட்டிய தேங்காயைக் குறிபார்த்துச் சுடும் போட்டி. மற்ற நாளெல்லாம் தூக்கம். வாரத்துக்கு நான்கு நாள் கையில் புழங்கிய காலத்தில் அது தானாகவே துடைபட்டது. இப்போது அப்படியில்லை.

ஆக, பண்டிகைக்கு முந்தைய வாரம் பெங்களூரிலிருந்தும் மைசூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். தாத்தாவின் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் மங்கிக் கிடக்கிறது. அங்கங்கே பழுப்புத் திட்டு. பார்த்ததும் கை பரபரக்கிறது. அடுக்களையில் புளி இருக்கிறது, அலமாரியில் பித்தளைப் பாலிஷ் இருக்கிறது, கடையில் உப்புத்தாள் கிடைக்கிறது. குத்துவிளக்கைத் தேய்த்துப் பழகிய கை. இரண்டு மணி நேரத்தில் துப்பாக்கி வெள்ளி போல மின்னுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். அந்த இரண்டு மணி நேரத்தில் துப்பாக்கி இழந்தது என்ன என்பது அடுத்த ஆடி மழையில்தான் தெரியவரும்.

பித்தளைக்கும் துப்பாக்கி எஃகுக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. பித்தளை கறுத்தால் அது களிம்பு. தேய்த்து எடுத்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் வெளியே வருகிறது, விளக்குக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. துப்பாக்கிக் குழலின் கருநீலமோ அழுக்கு அல்ல, போர்வை. தொழிலில் இதை புளூயிங் என்பார்கள். வேதியியல்படி பார்த்தால் அதுவும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். சிவப்புத் துருவுக்குக் கறுப்புத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். சிவப்புத் துரு பொருபொருவென்று உப்பி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடியில் மேலும் மேலும் தின்னும். கறுப்பு ஆக்சைடு எஃகோடு ஒட்டி, மெல்லிய தோலாகப் படிந்து, எண்ணெயைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும். புளியோ எலுமிச்சையோ வினிகரோ பட்டால் சிவப்பு போவதோடு கறுப்பும் போய்விடும். அமிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். உப்புத்தாளுக்கும் அப்படியே. மின்னுகிற எஃகு என்பது தோலுரித்த எஃகு. மழைக்காலத்தில் அதன்மேல் ஒரு கைரேகை பதிந்தால் போதும், வியர்வை உப்பு வேலையைத் தொடங்கிவிடும். மறுநாளே ரேகை அப்படியே துருவாக எழுந்து நிற்கும்.

குழலைவிடப் பரிதாபம், குழல் வந்து பொருந்தும் உடற்பகுதியின் நிலை. ஆக்‌ஷன் என்று சொல்லும் இந்தப் பாகத்தைப் பழைய பிரிட்டிஷ் பட்டறைகளில் எலும்புக் கரியிலும் மரக்கரியிலும் புதைத்துச் சூடேற்றி, தண்ணீரில் சட்டென்று அமிழ்த்துவார்கள். மேற்பரப்பு கெட்டிப்படும். கூடவே நீலமும் ஊதாவும் வைக்கோல் நிறமும் கலந்து, மயில் கழுத்தில் வெயில் பட்டது போல ஒரு வண்ணம் படியும். அந்த வண்ணத்தின் கனம் சொற்பத்திலும் சொற்பம். பித்தளைப் பாலிஷ் நனைத்த துணியால் நாலு தேய்ப்பு தேய்த்தால் நூறு வருட வண்ணம் துணியோடு போய்விடும். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் இந்தப் பாகம் வெளுத்துச் சாம்பல் நிறமாக இருக்கும். அதைக் கறுத்துப்போன வெள்ளி என்று நினைத்துத் தேய்ப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் அது வெள்ளியே அல்ல, வண்ணம் தேய்ந்த எஃகு. மேலும் தேய்த்தால் அதில் செதுக்கியிருக்கும் கொடியும் இலையும் மழுங்கும்.

சில வீடுகளில் இன்னும் அரிய சாமான் கிடைக்கும். குழல் முழுக்கப் பாம்புச் சட்டை போலவோ, மணலில் தண்ணீர் வடிந்த தடம் போலவோ கோலம் ஓடும். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி, ஒரு கம்பியின்மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் பெல்ஜியத்தின் லீஜிலும் இவற்றைக் குவியல் குவியலாகச் செய்தார்கள். பெயர் டமாஸ்கஸ் என்றாலும், தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி எடுத்து உலகெங்கும் போன பழைய வூட்ஸ் எஃகு இதுவல்ல. வூட்ஸ் என்ற சொல் கன்னடத்து 'உக்கு', தமிழ் 'உருக்கு' ஆகியவற்றின் வழிவந்தது என்பார்கள். அந்த எஃகில் கோலம் தானாக விளையும். டமாஸ்கஸ் குழலில் அது கொல்லன் முறுக்கியது. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று. கோலம் கண்ணுக்குத் தெரிவது மேற்பரப்பில் அமிலம் கொண்டு எழுப்பிய நிற வேறுபாட்டால்தான். பளபளவென்று தேய்த்தால் கோலம் அழிந்து, வெறும் குழாய் மிஞ்சும். இந்தக் குழல்கள் கரிமருந்துக் காலத்தவை. இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடுவதற்கு ஏற்றவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூ வைக்கலாம், தேங்காய் சுடக் கூடாது.

அழகு போவது ஒருபுறம் இருக்கட்டும். எமரித்தாள் அழிக்கும் இன்னொன்று வீட்டையே சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். அது துப்பாக்கியின் எண்.

இந்தியாவில் துப்பாக்கிக்கு அடையாளம் உருவமல்ல. அதில் பொறித்திருக்கும் எண்ணும் தயாரித்தவர் பெயரும்தான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு இதில் கறாரானது. துப்பாக்கியின் பெயரையோ எண்ணையோ மற்ற அடையாளக் குறியையோ அழிப்பதும் நீக்குவதும் மாற்றுவதும் குற்றம். குறி இல்லாத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ முடியாது. எண்ணெழுத்து ஆழமாக வெட்டப்பட்டிருக்கும் புதிய துப்பாக்கியில் கவலையில்லை. நான்கு தலைமுறை கை பட்டுத் தேய்ந்த துப்பாக்கியில் ஒரு '8' ஏற்கெனவே '3' போலத் தெரியும். மேலே எமரித்தாள் விழுந்தால் அதுவும் இல்லை. குழலின் அடிப்பக்கத்தில், கட்டைக்குள் மறைந்திருக்கும் தட்டையான இடத்தில், சோதனைக்கூட முத்திரைகளும் இருக்கும். பர்மிங்காமின் சோதனைக்கூடம் 1813-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அந்தக் குழல் எந்த மருந்தைத் தாங்கும் என்பதற்கு அங்கே குத்திய முத்திரைதான் சாட்சி. அதை அழித்துவிட்டால் கரிமருந்துக் குழலா, இன்றைய தோட்டா போடலாமா என்று சொல்ல ஆளில்லை.

குடகுக்காரர்களுக்குத்தான் லைசென்ஸே வேண்டாமே, எண் என்ன, முத்திரை என்ன என்று கேட்கலாம். விலக்கு உண்மைதான், அதன் வரலாறும் நீண்டது. 1857 கலகத்துக்குப் பின் ஊரெல்லாம் ஆயுதங்களைப் பறித்த பிரிட்டிஷார், 1861-இல் மார்க் கப்பன் கமிஷனராக இருந்தபோது, குடகு மக்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தார்கள். சுதந்திர இந்தியாவிலும் அது தொடர்ந்தது. கொடவர்களுக்கும், ஜம்மா என்னும் பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். 2019-இல் மத்திய அரசு 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. ஆனால் விலக்கு லைசென்ஸ் பெறுவதிலிருந்துதான். எண்ணை அழிக்கலாம் என்று யாருக்கும் எந்த விலக்கும் இல்லை. எந்த வீட்டில் எந்தத் துப்பாக்கி என்ற பதிவும் அந்த எண்ணைக் கொண்டுதான். குடகுக்கு வெளியே, லைசென்ஸோடு பழைய துப்பாக்கி வைத்திருக்கும் மற்றவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பானது. 2019-இல் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதைக் கைமாற்றத் துணிந்தவர்கள் முதலில் தேடியது எண்ணைத்தான்.

சரி, பிறகு எப்படித்தான் துடைப்பது?

முதலில் குழலைத் திறந்து இரண்டு அறையிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும்; பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கச் சொல்வது நல்லது. வருடம் முழுதும் காலியாக இருந்த துப்பாக்கி என்று நம்பித்தான் விபத்துகள் நடக்கின்றன. பிறகு குழலைத் தனியே கழற்றி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பழைய பிசுக்கையும் தூசியையும் எடுக்க வேண்டும். தூசியோடு தேய்த்தால் தூசியே உப்புத்தாளாகிவிடும். பழுப்புத் திட்டுகள்மேல் மெல்லிய மினரல் எண்ணெயைத் தடவி ஓர் இரவு ஊற விடலாம். தையல் மிஷின் எண்ணெய் போதும். மறுநாள், கடையில் நாலு சைபர் என்று கேட்டு வாங்கும் மிக மெல்லிய இரும்பு நாரை எண்ணெயில் தோய்த்து, பூனையைத் தடவுவது போலத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் நீலம் போகும். முதல் தேய்ப்பு, கட்டைக்கு அடியில் கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் இருக்கட்டும். சிவப்புக் குழம்பு வர வர, துணியால் துடைத்து, எண்ணெய் புதிதாக இட்டு, மீண்டும். பிடிவாதமான திட்டுக்குப் பழைய செப்புக் காசின் விளிம்பு உதவும். செம்பு எஃகைவிட மென்மையானது, கீறாது. ஆனால் மேலெழும்பிய துருவைச் சுரண்டிவிடும். எண் பொறித்த இடத்தில் துணியும் எண்ணெயும் மட்டும்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் பெரிய கேள்வி. பழுப்பு போய்க் கறுப்பு தெரிந்தால் போதும், நிறுத்திவிட வேண்டும். அங்கங்கே நிறம் மங்கலாக இருக்கும், அம்மைத் தழும்பு போலச் சிறு குழிகள் தெரியும். இருக்கட்டும். குழியை மறைக்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள எஃகைக் குழியின் ஆழத்துக்குத் தேய்க்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் இரட்டைக்குழலின் நடுப்பகுதியில் சுவர்க் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அழகுக்காக அதைக் குறைப்பது, சுடும்போது முன்கையைப் பணயம் வைப்பது. குழலின் உட்புறம் குழி விழுந்திருந்தால் வீட்டு வைத்தியமே கூடாது. அனுமதி பெற்ற துப்பாக்கிப் பட்டறைக்காரர் அளந்து சொல்ல வேண்டும்.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. வீட்டில் எப்போதும் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய். தலைக்கு நல்லது, இரும்புக்கு ஆகாது. நாள்பட்டால் சிக்கெடுத்து அமிலம் ஊறும். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மடிக்கேரியிலோ மழைக்காலம் முழுக்க அதற்குக் கீழேதான். விசைக்குள் உறைந்த தேங்காய் எண்ணெய் அழுக்கோடு சேர்ந்து பிசினாகும். மரக்கட்டைக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் ஏற்றது, ஏனென்றால் அது காய்ந்து கெட்டிப்படும்; அதே காரணத்தால் எஃகுப் பொறிக்குள் அது போகக் கூடாது. எதுவானாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் தடவினால் போதும். வழிய வழிய ஊற்றி, குழல் மேலே பார்க்கச் சாத்தி வைத்தால், எண்ணெய் இறங்கிக் கட்டையின் கழுத்தில் ஊறி மரம் சோப்புப் போலாகிவிடும். வாய் கீழே பார்க்க வைப்பது உத்தமம். அழகான தோல் உறை வாங்கி அதற்குள் பூட்டி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தோல் ஈரத்தை உறிஞ்சும், பதனிட்ட அமிலமும் அதில் இருக்கும். உறை பயணத்துக்கு மட்டும்.

வீட்டில் எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் நம் கையில் இல்லாத ஒரு மழைக்காலம் உண்டு. அது தேர்தல். நாடெங்கும் தேர்தல் அறிவிப்போடு, துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. முடிவு வந்த பிறகே திரும்பக் கிடைக்கும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று மாறி மாறி வந்தால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அது ஒரு மூலையில் மற்றவற்றோடு சாய்ந்து கிடக்கும். பூஜை அறையில் இருப்பதைக் கட்டுக்கட்டாக ஸ்டேஷனில் போடுவதா என்ற மனத்தாங்கல் கொடவர்களிடையே உண்டு. மனத்தாங்கலை அரசிடம் சொல்லலாம். எஃகிடம் சொல்லிப் பயனில்லை. கொடுக்கும் முன் கெட்டியான கிரீஸ் பூசி, எண்ணையும் இருக்கும் கீறல்களையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வதே நடைமுறை. இந்த விஷயத்தில் அதிகாரிகளுக்கும் ஓர் உலர்ந்த அறை ஒதுக்கும் கடமை உண்டு என்பது என் கருத்து. பூட்டு மட்டும் பாதுகாப்பாகிவிடாது.

ஏற்கெனவே தோலுரித்துவிட்டவர்களுக்கு வழி இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வீட்டு வேலை அல்ல. புதிய துப்பாக்கிகளைத் தொழிற்சாலையில் காரமும் நைட்ரேட் உப்பும் கலந்த 140 டிகிரிக் கொதிநீரில் அமிழ்த்தி நீலமாக்குகிறார்கள். பழைய இரட்டைக்குழலை அதில் போட்டால் இரு குழலையும் இணைக்கும் ஈயப் பற்று அரிபட்டு, குழல் இரண்டாகப் பிரியக்கூடும். அதற்குப் பழைய முறைதான் சரி. அது என்ன தெரியுமா? துருப்பிடிக்க வைப்பது! எஃகைச் சுத்தமாக்கி, லேசான அமிலக் கரைசலைத் தடவி, ஈரமான பெட்டிக்குள் தொங்கவிட்டு, சிவப்புத் துரு மென்மையாகப் பூத்ததும் வெந்நீரில் கொதிக்க விடுவார்கள். சிவப்பு கண்ணெதிரே கறுப்பாகும். மேலே ஒட்டாமல் நிற்கும் பொடியை மெல்லிய கம்பி பிரஷால் தட்டிவிட்டு மறுபடியும் அமிலம், மறுபடியும் துரு, மறுபடியும் கொதி. ஆறேழு முறை செய்தால் ஆழ்ந்த கருநீலம் கிடைக்கும். ஆடி மழை நாசமாக்கும் அதே வேதியியலை ஒரு கொல்லன் கடிவாளம் போட்டு ஓட்டுகிறான். இதைச் செய்யும் பொறுமையுள்ள கைகள் குறைந்து வருகின்றன. நவாப் மீர் காசிம் காலத்திலிருந்து துப்பாக்கிக்குப் பேர்போன பீகாரின் முங்கேரில் இன்னும் சிலருக்கு இது கைவந்த கலை. சீசாவில் விற்கும் 'குளிர் நீலம்' பூசி ஒப்பேற்றலாம்தான், ஆனால் அது மேக்கப். ஓரிரு மழையில் போய்விடும். அதில் இருக்கும் செலினியம் நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

பண்டிகை நாளுக்கு வருவோம். பூஜை முடிந்து, கடம்புட்டும் பன்றிக்கறியும் பரிமாறி, தேங்காய்க்குக் குறிவைத்துச் சுட்டு, ஆரவாரமெல்லாம் அடங்கிய மாலையில்தான் உண்மையான துடைப்பு வேலை இருக்கிறது. பலரும் அதை மறுநாளைக்குத் தள்ளுகிறார்கள். வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கியில் சடங்கு வெடி வெடிப்பது கரிமருந்தால். வெடித்தபின் குழலில் தங்கும் சாம்பலில் பொட்டாசியம் உப்புகளும் கந்தகச் சேர்மங்களும் இருக்கும். அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் குழலுக்குள் துருவை விதைக்கும். இந்த உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் ஊற்றினால் உப்பு எண்ணெய்க்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்து தின்னும். கரைவது தண்ணீரில். எனவே கைபொறுக்காத வெந்நீரை ஒரு புனலில் குழலுக்குள் ஊற்றி, கம்பியில் துணி சுற்றி இழுத்து, கறுப்புத் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். குழல் சூடேறியிருப்பதால் மிச்ச ஈரம் தானே ஆவியாகும். நன்றாக உலர்ந்ததும் எண்ணெய். தோட்டாத் துப்பாக்கியானால் வெந்நீர் வேண்டாம். பின்புறமிருந்து வெண்கல பிரஷை ஓட்டி, ஈயப் பூச்சையும் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கையும் எடுத்துவிட்டு எண்ணெய்த் துணி இழுத்தால் போதும். செங்காந்தளின் சாறு குழல்வாயில் படிந்திருக்கும், அதையும் துடைக்க வேண்டும். பூவைத் தொட்ட கையையும் கழுவிக்கொள்ளுங்கள், செடி முழுக்க நஞ்சு.